சம்பத் சார் வைத்த பெயர்கள்

செய்தி வந்தபோது நான் நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்குத் திரும்பும் ரயிலில் இருந்தேன். எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் அது வரவில்லை. கீழ்த்தளத்தில் காவலர் அறையில் குடியிருக்கும் செல்வி எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அக்கா, நம்ம சாரு போயிட்டாருங்க. ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு. மாமிகிட்ட நான் இருக்கறனுங்க. நீங்க பதறாம வாங்க." இரண்டு முறை கேட்டேன். பிறகு என் மனத்தில் எழுந்த முதல் கேள்வி, ரௌட்டரின் பாஸ்வேர்டை இனி யாரிடம் கேட்பது என்பது.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று மாலை, மாடிப்படி அருகே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற முதல் மாடி பிரகாஷ், என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் என்னால் அழ முடிந்தது. எங்கள் இருவரையும் சம்பத் சார் தப்பாக நினைத்திருக்க மாட்டார். பொறுப்பை ஒப்படைக்காமல் போய்விட்டோமே என்று அவர்தான் சங்கடப்பட்டிருப்பார்.

மாதத் திதியான மாசியத்தன்று எல்லாரும் கூடும்போது நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சொன்னீர்கள். எட்டே வீடுகள் உள்ள கட்டடத்தில் நான்கு ஆண்டுகளாக இருந்தும் நான் இதுவரை என்ன பேசியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

சம்பத்குமாரன் என்பது முழுப்பெயர், மேலுக்கோட்டைப் பெருமாளின் பெயர். மேலுக்கோட்டைக்காரர்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒருவருக்காவது அந்தப் பெயர் இருக்கும். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே கற்ற ஒரு பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. எதைக் கண்டாலும் பெயர் எழுதி ஒட்டுவார். "பேர் இல்லாத பாட்டிலைத் தொடப்படாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. நான் குடிவந்த அன்று அவர் கொடுத்த சாவியில், "3பி. இரண்டு சுற்று. இழுத்துப் பிடிக்கவும்" என்று ஒரு சீட்டு தொங்கியது. தண்ணீர்க் குழாய்கள், மின்மானிகள், மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிகள், எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருந்தது. வாசலில் படுத்திருக்கும் தெருநாயின் கழுத்துப் பட்டையில்கூட, "கடிக்காது. ஆனால் நம்ப வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

கட்டடத்துக்கு முழுக்க ஒரே இணைய இணைப்பு வாங்கலாம் என்று தீர்மானித்தபோது, சங்கச் செயலாளர் என்ற முறையில் ரௌட்டர் அவர் கைக்குப் போனது. எந்தக் கருவி யாருடையது, எதற்கு எவ்வளவு வேகம், எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை மணியோடு நிறுத்த வேண்டும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து அமைத்தார். நிலத்தடித் தொட்டியான சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் அதோடு இணைத்துவிட்டார். காவிரித் தண்ணீர் வந்து சம்ப் நிறைந்தால் மோட்டார் தானாக ஓடும், தொட்டி நிறைந்தால் தானாக நிற்கும். இந்த மோட்டார் பின்னால் கதையில் வருகிறது.

எனக்கும் அவருக்கும் நடந்த ஒரே சண்டையைச் சொல்ல வேண்டும். குடிவந்த முதல் வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு. இரண்டு நாள் வேலையும் செய்யவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். கையில் மூடிபோட்ட பாத்திரம்.

"சாத்தமுது கொண்டுவந்திருக்கேன். ஸ்வல்ப மிளகு ஜாஸ்தி. சூடா சாப்பிடு" என்றார். ரசத்தை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு யார் சொன்னாங்க?"

"ரௌட்டர் சொல்லித்து. உன் கம்ப்யூட்டர் ரெண்டு நாளா வரவே இல்லையே."

எனக்குக் காய்ச்சலைவிடக் கோபம் அதிகமாக ஏறியது. நான் எப்போது எதைப் பார்க்கிறேன் என்று கீழே உட்கார்ந்து கவனிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பாத்திரத்தைப் பிடித்தபடியே பதில் சொன்னார். "என்ன பார்க்கறேன்னு பார்க்க மாட்டேம்மா. இருக்கியான்னு மட்டும் பார்ப்பேன்."

அது எனக்குச் சமாதானமாகப் படவில்லை. சாத்தமுதை வாங்கிக்கொண்டேன், ஆனால் ஒரு வாரம் கட்டடத்தின் இணைப்பைத் தொடாமல் என் செல்பேசியின் டேட்டாவிலேயே வேலை செய்தேன். விளைவு, எட்டாம் நாள் செல்வி வந்து நின்றார். "அக்கா, நீங்க நல்லாத்தான் இருக்கறீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாருங்க. நான் பாத்துட்டேன். இனி போயி சொல்லோணும்." திரும்ப இணைந்துகொள்வதே தொந்தரவு குறைந்த வழி என்று புரிந்தது.

போன வருடத்தில் ஒரு புதன்கிழமை, ரௌட்டரின் அமைப்புத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அதன் உள்ளே ஓடும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். கவனக்குறைவான மனிதர் யாராவது அழுத்தியிருந்தால் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சம்பத் சார் முதலில் எல்லா அமைப்புகளையும் ஒரு கோப்பாகச் சேமித்தார். அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டார். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றினார், இன்னொரு பென் டிரைவிலும் ஏற்றினார், தனக்குத்தானே மின்னஞ்சலும் அனுப்பிக்கொண்டார். பென் டிரைவ்களில் "ரௌட்டர். உயிர்" என்றும் "உயிர், நகல்" என்றும் ஒட்டினார். குழுவில் ஒரு அறிவிப்பும் போட்டார்: "பத்து நிமிஷ வேலை. ஒரு செட்டிங்கும் போகாது. போனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் செயலாளர் பதவியிலிருந்து விலகிவிடுகிறேன்."

பதினோராவது நிமிடம் ரௌட்டர், அட்டைப்பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்ததுபோல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்தது. சேமித்த கோப்பைக் கொடுத்தால், இது பழைய பதிப்பில் எடுத்தது, ஏற்க முடியாது என்றது. அன்று சம்ப் நிறைந்தது, மோட்டார் ஓடவில்லை. மறுநாள் காலை எட்டு வீட்டிலும் குழாயில் காற்று வந்தது. செல்விதான் மோட்டார் அறைக்குள் புகுந்து எதையோ தட்டி, அரைத் தொட்டி ஏற்றினார்.

பிரகாஷ் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்பவர், வீட்டில் கன்னடம் பேசுபவர். வெள்ளிக்கிழமை மாலை அவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "சார், ஃபர்ஸ்ட் பழைய வெர்ஷனையே திரும்ப போடணும். ஆமேலே இந்த ஃபைலைக் குடுக்கணும். அஷ்டே, அவ்வளவுதான்" என்றார். கேபிள் செருகி, ஒரு மணி நேரம் போராடி, பழைய பதிப்பை ஏற்றினார். கோப்பைக் கொடுத்தார். ரௌட்டர் இம்முறை மறுக்கவில்லை, பாஸ்வேர்டு என்ன என்று மட்டும் கேட்டது.

எல்லாரும் சம்பத் சாரைப் பார்த்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறந்துபோச்சு" என்றார்.

தெருநாய்க்குச் சீட்டு ஒட்டியவர், இரண்டு பென் டிரைவுக்கும் பெயர் வைத்தவர், பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்பதை நாங்கள் யாரும் சந்தேகிக்கவில்லை. இன்று யோசிக்கும்போது அதுதான் எனக்கு ஆச்சரியம். வயது என்று நினைத்துக்கொண்டோம். இன்னொன்றையும் நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். "எல்லாத்தையும் புதுசா ஆரம்பிச்சுடலாமே" என்று அவரே சொன்னார். "எட்டு வீட்டுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. சுலபமா இருக்கும்." ஒரு பெயரைக்கூட இழக்கச் சம்மதிக்காத மனிதர் அவர்.

இரண்டாம் மாடி ராவ் சார் விடவில்லை. "மோட்டார் செட்டிங் போட உங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு சம்பத்" என்று இருமலுக்கு நடுவே சொன்னார். "இன்னும் ரெண்டு மாசம் நான் பக்கெட்டுல குளிக்கணுமா? ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருப்போம். ஹால் டிவியில போட்டு, எல்லாரும் சேர்ந்து யோசிப்போம்."

ஹால் டிவி என்றதும் சம்பத் சாரின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பதவி போகப் போகிற வருத்தம் என்று எண்ணினேன். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான் என்பதால் எனக்குப் பாவமாக இருந்தது.

ஞாயிறு மாலை கீழ்த்தளக் கூடத்தில் கூடினோம். சம்பத் சாரின் சட்டைப்பையில் ஓர் உறை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் "ராஜினாமா" என்று எழுதியிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. பிரகாஷ் தன் மடிக்கணினியை டிவியில் இணைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"சார், யாரோட பேரு? ஊர் பேரா?"

"இல்லை."

"பெருமாள் பேரா?"

"இல்லை."

"அப்போ என்ன, சாப்பாடா?"

சம்பத் சார் சட்டைப்பையிலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரால் முழுப் பொய் சொல்ல முடியாது. ஓர் எழுத்துப்பிழை அளவுக்குத்தான் முடியும். "புளியோதரை மாதிரி ஏதோ" என்றார்.

பிரகாஷ் ஆங்கில எழுத்துகளில் புளியோதரை என்று அடித்தார். தவறு. 'த'வுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தைச் சேர்த்து அடித்தார். தவறு. "கன்னடத்துல போட்டிருப்பீங்க சார்" என்று புளியோகரே என்று அடித்தார். தவறு. ராவ் சார் 'ள'வை இரண்டாகப் போடச் சொன்னார். அதுவும் தவறு. முதல் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். ஐந்தாவது தவறுக்குப் பிறகு ரௌட்டர் பத்து நிமிடம் பேச மாட்டேன் என்று பூட்டிக்கொண்டது. டிவி திரையில் நொடிகள் பின்னோக்கி ஓடின. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பதினைந்து பேர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சம்பத் சார் மட்டும் நிம்மதியாக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் சம்பத் சாரின் மனைவி வேதவல்லி மாமி பெரிய பாத்திரத்தோடு உள்ளே வந்தார். கூட்டம் என்றால் எல்லாருக்கும் ஏதாவது செய்துகொண்டு வருவது மாமியின் வழக்கம். செல்வி பாக்குமட்டைத் தட்டுகளை நீட்ட, மாமி பரிமாறிக்கொண்டே வந்தார்.

"என்ன எல்லாரும் டிவியைப் பார்த்துண்டு உக்காந்திருக்கேள்? கிரிக்கெட்டா?"

"இல்லை மாமி, பாஸ்வேர்டு" என்றார் பிரகாஷ். "சார் மறந்துட்டாரு. புளியோதரைங்கறாரு, வரல. புளியோகரே போட்டோம், அதுவும் வரல."

மாமி கரண்டியோடு நின்றார். "நம்மாத்துல யாரு புளியோதரைம்பா? கோவில்லன்னா அப்படிச் சொல்வா. நமக்குப் புளியோரை. இதோ போட்டுண்டிருக்கேனே, இது என்னவாம்?"

"வேதா, நீ உள்ள போ" என்றார் சம்பத் சார்.

"ஏன், சாதம் போட வேண்டாமா?"

அந்த ஒரு வாக்கியத்தில், "நீ உள்ள போ" என்பதில், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்குப் பாஸ்வேர்டு மறக்கவில்லை. பதவி போனாலும் பரவாயில்லை, அந்தக் கோப்பு எங்கள் முன்னால் திறக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறார். பிரகாஷைத் தடுக்கலாமா என்று யோசித்தேன். கூட்டத்தில் குரல் எழுப்பிப் பழக்கமில்லை. யோசித்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிட்டது, பிரகாஷ் புளியோரை என்று அடித்துவிட்டார்.

கோப்பு திறந்தது. சிறிது நேரத்தில் மோட்டார் உறுமியது. சுவருக்குள் குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டதும் எல்லாரும் கை தட்டினோம். ராவ் சார் எழுந்து வந்து சம்பத் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்பத் சார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒவ்வொரு வரியாக வர ஆரம்பித்திருந்தது.

ரௌட்டருக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும் என்பதால் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பிரகாஷ் உரக்கப் படித்தார். "1பி உபதேசம்." நிறுத்தினார். கன்னடத்திலும் அதற்கு அதே பொருள்தான். "சார், 1பி நம்ம வீடு."

அடுத்த வரிக்குப் போனார்.

"2ஏ இருமல். இருமல்னா என்ன?"

ராவ் சாருக்கும் அந்தத் தமிழ்ச் சொல் தெரியாது. ஆனால் அந்தச் சமயத்தில் அவருக்கு இருமல் வந்தது, அதிலேயே பிரகாஷுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. "கெம்மு" என்று மெதுவாக மொழிபெயர்த்தார்.

"எனக்கு என்னங்க பேரு போட்டிருக்குது?" என்று செல்வி எட்டிப் பார்த்தார்.

"நியாயம்" என்றேன் நான். தண்ணீர்ப் பங்கீட்டிலிருந்து குப்பை வண்டி வரை செல்வி பேசாத நியாயம் இல்லை.

செல்வி யோசித்தார். "தப்பா ஒண்ணும் எழுதலீங்களே" என்றார்.

மாமியின் செல்பேசி 'ஹெட் ஆபீஸ்' என்றிருந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு, சம்பத் சாரின் தட்டில் மட்டும் ஒரு கரண்டி குறைத்துப் போட்டார். பிரகாஷ் தொடர்ந்தார். "1ஏ நான். இது எந்த நான்? ரொட்டியா?"

"அது நான்தான்" என்றார் சம்பத் சார். "என் போன்."

கடைசி வரி என்னுடையது. "3பி சத்தமில்லை" என்று படித்தார் பிரகாஷ். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

சம்பத் சார் எழுந்து, சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தார். "வேணும்னு பண்ணலை. எனக்கு அடையாளம் தெரியணும்னு எழுதிண்டது. யார் மனசாவது நொந்திருந்தா மன்னிக்கணும். செட்டிங்ஸ் திரும்ப வந்தாச்சு, ஆனா நான் விலகிக்கறேன்" என்றார். இந்தக் கட்டடத்தில் பதினோரு வருடமாக ஒட்டிய சீட்டுகளில், தான் ஒட்டியதற்காக அவர் வருந்தியது அன்றுதான்.

முதலில் பேசியது பிரகாஷ். "சார், விலகறதெல்லாம் விடுங்க. நீங்க பேர் வைக்கறப்போ ஒரு முறை இருக்கணும். முதல்ல வீட்டு நம்பர், ஆமேலே கருவி, அதுக்கப்புறம்..." பாதியில் அவருக்கே கேட்டுவிட்டது. நிறுத்தினார். "உபதேசம்" என்றார் செல்வி, தட்டுகளை அடுக்கியபடி. பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ராவ் சார் உறையைத் திருப்பிக் கொடுத்தார். "ராஜினாமா வேண்டாம். என் பேரை மட்டும் மாத்துங்க."

"என்னன்னு மாத்தட்டும்?"

ராவ் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கர்ஜனை."

அன்றே மாற்றினார். அந்த உறையையும் தூக்கிப் போடவில்லை. "ராஜினாமா" என்பதற்குக் கீழே "ஏற்கப்படவில்லை" என்று எழுதி, சங்கக் கோப்பில் வைத்தார்.

என் பெயரை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அது உறுத்தியது. ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் அவரைப் பார்த்தபோது, அப்படி ஒரு பெயர் எனக்கு எதற்கு என்று கேட்டேன். அவரிடம் நானாகப் போய்க் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அது உன் பேர் இல்லைம்மா" என்றார். "லேப்ல ரெண்டு விதமா எழுதுவோம். ஒண்ணு பாட்டில்ல என்ன இருக்குன்னு சொல்றது. இன்னொண்ணு எப்போ திரும்பி வந்து பார்க்கணும்னு நமக்கு நாமே சொல்லிக்கறது. உனக்கு எழுதினது ரெண்டாவது."

அவருக்குப் பிறகு ரௌட்டர் என்னிடம் வந்திருக்கிறது. மாமி கொடுத்த பென் டிரைவில் "உயிர். 3பியிடம்" என்று ஒட்டியிருந்தது. எப்போது எழுதினார் என்று மாமிக்கும் தெரியவில்லை. பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றியிருந்தார், பழையதைப் பதினைந்து பேர் சாப்பிட்டுவிட்டார்களே. பிரகாஷும் நானும் மாமியின் அடுக்களையில் போய் உட்கார்ந்து, இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர், அதற்கு என்ன பெயர் என்று கேட்டோம். நான்காவது பாத்திரத்தில் கிடைத்தது. எதுவென்று இங்கே எழுத மாட்டேன்.

சிவப்புப் புள்ளி மறுபடி வந்திருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. பட்டியலில் உபதேசமும் கர்ஜனையும் நியாயமும் அப்படியே இருக்கிறார்கள். சாரின் செல்பேசியை இப்போது மாமி வைத்துக்கொண்டிருக்கிறார். அதன் திரை பெரியதாம். வெளிநாட்டில் இருக்கும் மகள் அதில்தான் காலை ஆறு மணிக்கு அழைக்கிறாள். அதனால் தினமும் ஆறு மணிக்குப் பட்டியலில் "நான்" வந்துவிடும். பெயரை மாற்றட்டுமா என்று மாமியிடம் கேட்டேன். "எதுக்குடி? அவர் எங்கயாவது போயிட்டாரா என்ன" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டு மாமியே ஒரு நிமிடம் நின்றார்.

போன வாரம் ஒரு நாள் ஆறு மணிக்கு "நான்" வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. எட்டு மணிக்கு நான் அடுப்பில் இருந்ததை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, மூடிபோட்டு எடுத்துக்கொண்டு, முதல் மாடிக்கு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். நான்கு ஆண்டுகளில் இந்தக் கட்டடத்தில் நானாகத் தட்டிய முதல் கதவு.

மாமி திறந்தார். முகம் வீங்கியிருந்தது. செல்பேசி மின்னேற்றாமல் மேசையில் அணைந்து கிடந்தது.

"என்னடியம்மா, காலங்கார்த்தால?"

"சாத்தமுது கொண்டுவந்திருக்கேன் மாமி. மிளகு கொஞ்சம் ஜாஸ்தி."

மாமி என்னையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் சொன்னா உனக்கு?"

"ரௌட்டர் சொல்லித்து" என்றேன்.